ஊர் அணியின் ஆட்டம் எந்தத் திரையில் வரும்? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பேஸ்பால் வழிகாட்டி

ஈஸ்டரை ஒட்டிக் கிளீவ்லாந்துக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் தியாகராஜ ஆராதனைக்காக வருகிறார்கள். 1978-இல் தொடங்கிய அந்த விழா பல ஆண்டுகள் நடந்துவந்த கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து, யூக்லிட் அவென்யூ வழியாக மேற்கே இருபது நிமிடம் நடந்தால் புரோகிரசிவ் ஃபீல்டு மைதானம் வந்துவிடும். கிளீவ்லாந்தின் பேஸ்பால் அணியான கார்டியன்ஸ் அந்தச் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் தொடங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த என் அப்பா, ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்தார். கச்சேரி அவருக்குப் பழகியது, பேஸ்பால் புதிது. ஆனாலும் ஆயுள் முழுக்கக் கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு அந்த ஆட்டம் பிடிபட ஒரு மாலையே போதுமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போதே, “நாளைக்கும் ஆட்டம் உண்டா?” என்று கேட்டார்.

உண்டு. பேஸ்பாலில் கிட்டத்தட்ட எல்லா நாளும் ஆட்டம் உண்டு. ஒவ்வோர் அணியும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அன்றிரவே ஒரு விளையாட்டுச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். மறுநாள் மாலை அப்பா காபியுடன் வந்து உட்கார்ந்தார். திரையில் வந்ததோ, இந்த ஆட்டம் உங்கள் பகுதியில் கிடைக்காது என்ற அறிவிப்பு. மைதானம் எங்கள் வீட்டிலிருந்து ஆறு மைல்கூட இல்லை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மட்டும் வந்திருக்கும் மனிதரிடம் அந்த மாலையை நான் திருப்பித் தர முடியவில்லை. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பக்கத்தில் இருப்பதால்தான் தடை

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆகும். ஐபிஎல் ஆட்டங்களின் உரிமையை இந்தியக் கிரிக்கெட் வாரியம் மொத்தமாக விற்கிறது. சென்னை ஆடினாலும் மும்பை ஆடினாலும் ரசிகர் திறக்க வேண்டிய இடம் ஒன்றுதான். அமெரிக்க பேஸ்பாலில் உரிமை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நாடு முழுவதும் காட்டப்படும் சில ஆட்டங்களைத் தலைமை அமைப்பான எம்எல்பி விற்று, அந்தப் பணத்தை 30 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. மற்ற ஆட்டங்களை ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்துக்குள் தானே விற்றுக்கொள்கிறது.

இந்த ‘வட்டாரம்’ என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் வரைபடத்தில் ஓர் ஒளிபரப்பு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அந்த அணியின் ஆட்டத்தைக் காட்டும் உரிமை, அந்த அணியிடம் பணம் கொடுத்து வாங்கிய உள்ளூர்ச் சேனலுக்கு மட்டுமே. எம்எல்பி.டிவி என்ற சேவை மற்ற எல்லா அணிகளின் ஆட்டங்களையும் தரும். உங்கள் ஊர் அணியின் ஆட்டத்தை மட்டும் மறைத்துவிடும். அணி வெளியூரில் போய் ஆடினாலும் மறைக்கும். இதை இங்கே ‘பிளாக்அவுட்’ என்கிறார்கள். பத்திரிகைத் தமிழில் நமக்கு ‘இருட்டடிப்பு’ என்ற சொல் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்றாகவும் விழும். அயோவா மாநிலத்தில் எம்எல்பி அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சிகாகோவின் கப்ஸ், ஒயிட் சாக்ஸ் இரண்டும், செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, மில்வாக்கி, மினசோட்டா அணிகளும் அந்த மாநிலத்தைத் தங்கள் எல்லையாகச் சொந்தம் கொண்டாடி வந்திருக்கின்றன. டெ மாயினில் குடியிருக்கும் ஒருவருக்கு 30 அணிகளில் ஆறு அணிகளின் ஆட்டங்கள் இருட்டடிப்பு. மிக அருகில் உள்ள மைதானமே மூன்று மணி நேரப் பயணம். லாஸ் வேகஸிலும் இதே போல ஆறு அணிகள். ஓஹையோவில் வடக்கே கார்டியன்ஸ், தெற்கே சின்சினாட்டி ரெட்ஸ். நடுவில் கொலம்பஸில் இருப்பவர் இரண்டு அணிகளுக்கும் உள்ளூர்க்காரர்.

இதைப் பொறுக்க முடியாத ரசிகர்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2016 தொடக்கத்தில் சமரசம் ஆனது. அதன் பயனாக, எல்லா அணிகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல் ஏதாவது ஒரு வெளியூர் அணிக்கு மட்டும் சந்தா வாங்கும் வசதி வந்தது, விலையும் குறைந்தது. உள்ளூர் அணிக்கான இருட்டடிப்பு அப்படியே நின்றது.

போன ஆண்டு வழி இந்த ஆண்டு இல்லை

நண்பர் சொன்னதைக் கேட்டுச் சந்தா வாங்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். நண்பர் பொய் சொல்லமாட்டார், ஆனால் அவர் சொல்வது போன பருவத்துக் கதையாக இருக்கும். கிளீவ்லாந்து அணியையே பாருங்கள். 2006-இல் அணியின் உரிமையாளர்களான டோலன் குடும்பம் ஸ்போர்ட்ஸ்டைம் ஓஹையோ என்ற சொந்தச் சேனலைத் தொடங்கியது. 2012 கடைசியில் அதை ஃபாக்ஸுக்கு விற்றது. 2019-இல் ஃபாக்ஸின் 21 வட்டாரச் சேனல்கள் டிஸ்னியின் கை வழியாக சின்கிளேர் நிறுவனத்துக்குப் போயின. மதிப்பு 1,060 கோடி டாலர். 2021-இல் அவற்றுக்குப் பாலி ஸ்போர்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2023 மார்ச்சில் அந்தச் சேனல்களை நடத்திய டைமண்ட் ஸ்போர்ட்ஸ் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2024 அக்டோபரில் பெயர் ஃபேன்டூயல் ஆனது. அதற்குள் கார்டியன்ஸ் வெளியே வந்துவிட்டது. 2025 முதல் அணியின் ஆட்டங்களை எம்எல்பியே படம்பிடித்துக் காட்டுகிறது. இத்தனைக்கும் அணி ஆடுவது 1994 முதல் அதே மைதானத்தில்தான்.

ஏன் இப்படி? கேபிள் டிவியின் கணக்கை அறிந்தால் விடை கிடைக்கும். வட்டார விளையாட்டுச் சேனலுக்கான பணம், ஆட்டமே பார்க்காத வீடுகளிலிருந்தும் கேபிள் கட்டணத்தோடு வந்துகொண்டிருந்தது. பத்து வீட்டில் இரண்டு வீடு பேஸ்பால் பார்த்தாலும் பத்து வீடும் பணம் கட்டின. அந்தப் பணத்தை நம்பித்தான் அணிகளுக்குப் பெருந்தொகை கொடுக்கப்பட்டது. பிறகு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். 2020-இல் இணையவழிச் சேனல் சேவைகளான யூடியூப் டிவியும் ஹுலுவும் சின்கிளேரின் வட்டாரச் சேனல்களைத் தங்கள் தொகுப்பிலிருந்து நீக்கின. பணம் வரும் குழாய் சுருங்கியது, கொடுக்க வேண்டிய தொகையோ ஒப்பந்தத்தில் எழுதியபடி நின்றது.

முதலில் சாய்ந்தது சான் டியேகோ. 2023 மே மாதக் கடைசியில் பாட்ரெஸ் அணிக்குத் தர வேண்டிய தவணையை டைமண்ட் தரவில்லை. உரிமை அணியிடம் திரும்பியது, மறுநாளே எம்எல்பி ஒளிபரப்பை எடுத்துக்கொண்டது. ரசிகர்களுக்கு இது கெட்ட செய்தி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. அதுவரை அந்த வட்டாரத்தில் சுமார் 11 லட்சம் வீடுகளுக்கே எட்டிய ஆட்டம், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு எட்டக்கூடியதாயிற்று. கேபிள் இல்லாதவரும் மாதம் 19.99 டாலர் கட்டி, எந்த இருட்டடிப்பும் இல்லாமல் தன் ஊர் அணியைப் பார்த்தார். அதே ஆண்டு ஜூலையில் அரிசோனா, 2024-இல் கொலராடோ, 2025-இல் கிளீவ்லாந்தும் மினசோட்டாவும் அதே வழிக்கு வந்தன. 2026 தொடங்கும்போது, ஃபேன்டூயல் சேனல்களில் எஞ்சியிருந்த ஒன்பது அணிகளும் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. சேனல் நிறுவனம் விழுந்ததில் அணிகளுக்கு வருமானம் குறைந்தது உண்மைதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க விரும்பும் ஒருவருக்கு, என் கணிப்பில், கடந்த இருபது ஆண்டுகளில் இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

இதற்கு நேர்மாறான கதை லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. டாட்ஜர்ஸ் அணி தன் உரிமையை 2014 முதல் 25 ஆண்டுகளுக்கு, 835 கோடி டாலருக்கு, டைம் வார்னர் கேபிள் நடத்தும் புதிய சேனலுக்குக் கொடுத்தது. மற்ற கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் கேட்ட விலையைத் தர மறுத்தன. நகரத்தின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆறு ஆண்டுகள் டாட்ஜர்ஸ் வரவில்லை. செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவி இணங்கியது 2020 ஏப்ரலில்தான். வின் ஸ்கல்லி 1950 முதல் 2016 வரை, 67 பருவங்கள் அந்த அணிக்கு வர்ணனை செய்தவர். அவர் குரலோடு வளர்ந்த ஒரு நகரம், அவருடைய கடைசி ஆண்டுகளைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாமல் இருந்தது. கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் கேடிஎல்ஏ என்ற இலவச நிலையத்திலும் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரி, ஒரு முதியவரின் குரலை அவர் ஊரிலிருந்தே பிரித்துவைக்க முடியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, கடன் அட்டையை எடுப்பதற்கு முன், உங்கள் ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்) எந்தெந்த அணிகளின் எல்லைக்குள் இருக்கிறது என்று பார்ப்பது. எம்எல்பி இணையதளத்தில் ஜிப் கோட்டை இட்டுத் தேடும் வசதி இருக்கிறது. அங்கே எந்த அணிகளின் பெயர் வருகிறதோ, அவை எம்எல்பி.டிவியின் பொதுச் சந்தாவில் உங்களுக்கு நேரலையாகக் கிடைக்காது. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். வாடகை வீட்டைத் தேடும்போது பள்ளி, பஸ் வசதி பார்ப்பதோடு இதையும் பாருங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீடு மாறியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்த அணியின் சொந்த இணையதளத்துக்குப் போய், ஒளிபரப்பு அட்டவணையைத் திறப்பது. தேடுபொறியில் கிடைக்கும் பழைய கட்டுரைகளில் இன்னும் பாலி ஸ்போர்ட்ஸ் என்றே எழுதியிருக்கும். அணியின் பக்கம்தான் நடப்புப் பருவத்துக்குச் சரியானது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே எந்தச் சேனல், எந்த வானொலி என்று போட்டிருப்பார்கள். ஏப்ரல் மாதம் முழுவதையும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிட்டால் உங்கள் அணி எந்த வகை என்று விளங்கிவிடும்.

வகைகள் ஏறக்குறைய மூன்று. எம்எல்பியே ஒளிபரப்பும் அணி என்றால் உங்களுக்கு எளிது. உள்ளூர்ச் சந்தா என்று தனியாக ஒன்று விற்பார்கள். 2025-இல் கிளீவ்லாந்துக்கு அது மாதம் 19.99 டாலர், முழுப் பருவத்துக்கு 99.99 டாலர். 2025 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, கிளீவ்லாந்து, சான் டியேகோ, கொலராடோ, மினசோட்டா, அரிசோனா, சியாட்டில் ஆகிய ஆறு அணிகளின் உள்ளூர்ச் சந்தாவை விற்கும் உரிமையை ஈஎஸ்பிஎன் பெற்றிருக்கிறது. ஆகவே எந்தச் செயலியில் வாங்குவது, என்ன விலை என்பதை அணியின் பக்கத்தில் உள்ள இணைப்பைப் பிடித்தே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது வகை, சொந்தச் சேனல் வைத்திருக்கும் பெரிய அணிகள். நியூயார்க் யாங்கீஸுக்கு யெஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு நெஸ்ஸன், சிகாகோ கப்ஸுக்கு 2020-இல் தொடங்கிய மார்க்கீ. இவை கேபிளிலும் வரும், கேபிள் இல்லாமல் நேரடிச் சந்தாவாகவும் கிடைக்கும். அப்படி நேரடியாக விற்கத் துணிந்த முதல் வட்டாரச் சேனல் நெஸ்ஸன்தான், 2022-இல். விலை கேபிளுக்கு நிகராகத் தோன்றலாம். கேபிள் ரசீதில் ‘வட்டார விளையாட்டுக் கட்டணம்’ என்று விளம்பர விலைக்கு வெளியே தனி வரி ஒன்று வரும். அதையும் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஆண்டெனாவில் வரும் ஆட்டம். சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024 அக்டோபரில் தொடங்கிய புதிய சேனலை அப்போது ஆண்டெனா வைத்தாலே இலவசமாகப் பார்க்கும்படி செய்தது. ஜன்னல் ஓரம் ஒட்டும் தட்டையான ஆண்டெனா ஒன்றை ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் செலவு கிடையாது. இந்த நாட்டில் தொலைக்காட்சி இன்னும் காற்றில் இலவசமாக வருகிறது என்பதே புதிதாக வந்த பலருக்குத் தெரியாது. உங்கள் அணி அப்படிச் செய்யாவிட்டாலும் ஆண்டெனா வாங்குங்கள். காரணம் கீழே வருகிறது.

மாதச் சந்தாவா, பருவச் சந்தாவா? பெற்றோர் ஆறு மாதம் தங்கினால் பருவச் சந்தாதான் லாபம். வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் மாற வாய்ப்பிருந்தால் மாதச் சந்தா. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் உள்ளூர்ச் சந்தா எல்லைக்குள் மட்டும்தான் வேலை செய்யும். கிளீவ்லாந்திலிருந்து நியூஜெர்சிக்கு வேலை மாறிப் போனால் இங்கே வாங்கியது அங்கே உதவாது. அங்கே போனதும் கார்டியன்ஸ் உங்களுக்கு வெளியூர் அணி. அப்போது ஒரே அணிக்கான எம்எல்பி.டிவி சந்தா போதும். சேவை பார்ப்பது நீங்கள் இருக்கும் இடத்தை, உங்கள் மனம் இருக்கும் இடத்தை அல்ல.

உள்ளூர்ச் சந்தா இருந்தும் வராத ஆட்டங்கள்

பணம் கட்டியாயிற்று, இனி 162 ஆட்டங்களும் வரும் என்று நினைத்தால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏமாற்றம் வரும். நாடு முழுவதற்குமாகத் தனியுரிமையோடு விற்கப்பட்ட ஆட்டங்கள் உள்ளூர்ச் சேனலில் வராது. 2022 முதல் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு ஆட்டங்கள் ஆப்பிள் டிவிக்கு மட்டும் உரியவை. சனிக்கிழமை ஃபாக்ஸ் எடுத்துக்கொள்ளும் ஆட்டங்கள் உண்டு. ஞாயிறு இரவு ஆட்டம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈஎஸ்பிஎன்னிடம் இருந்தது. 2026 முதல் அது என்பிசிக்கும் அதன் பீகாக் சேவைக்கும் போய்விட்டது. 2026 பருவத்தின் முதல் ஆட்டமான யாங்கீஸ், ஜயன்ட்ஸ் மோதலை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் 2028 வரை.

இதற்காக எல்லாச் சேவைகளுக்கும் சந்தா வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. உங்கள் அணிக்கு ஒரு பருவத்தில் இப்படிப் போகும் ஆட்டங்கள் சிலவே. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெரிய நகர அணிகளுக்கு அதிகம், எங்கள் கிளீவ்லாந்துக்குக் குறைவு. அட்டவணையில் ஆப்பிள் என்று குறித்திருக்கும் தேதிகளை எண்ணுங்கள். இரண்டோ மூன்றோ என்றால் அந்த மாலைகளில் வானொலி கேட்கலாம். ஃபாக்ஸும் என்பிசியும் இலவச நிலையங்கள், அவற்றில் வரும் ஆட்டங்களுக்கு ஆண்டெனா போதும். அதனால்தான் வாங்கச் சொன்னேன்.

அக்டோபர் தனி உலகம். பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்கள் எதுவும் உள்ளூர்ச் சந்தாவில் வராது. 2025-இல் கார்டியன்ஸ் செய்ததை இந்த ஊர் மறக்காது. ஒரே பிரிவில் ஆடும் டெட்ராய்ட் டைகர்ஸை விட 15½ ஆட்டங்கள் பின்தங்கியிருந்த அணி, செப்டம்பரில் துரத்திப் பிடித்துப் பிரிவையே வென்றது. அவ்வளவு பெரிய இடைவெளியை எட்டிப் பிடித்துப் பிரிவை வென்ற அணி வரலாற்றில் வேறில்லை. செப்டம்பர் முழுவதும் உள்ளூர்ச் சந்தாவில் பார்த்தவர்கள், அதே டெட்ராய்ட்டுடன் அக்டோபரின் முதல் சுற்றான வைல்ட் கார்டு சுற்றில் மோதியபோது அந்தச் செயலியைத் திறந்து ஒன்றும் காணாமல் திகைத்தார்கள். அன்று அந்தச் சுற்று ஈஎஸ்பிஎன்னிடம் இருந்தது. 2026 முதல் என்பிசி, பீகாக். அடுத்த சுற்றுகள் ஃபாக்ஸும் டிபிஎஸ் கேபிள் சேனலும் பிரித்துக்கொள்பவை. உலகத் தொடர் ஃபாக்ஸில், ஆண்டெனாவில் இலவசமாக வரும்.

மனம் வேறு ஊரில் இருந்தால்

டாலஸில் குடியிருந்துகொண்டு யாங்கீஸ் அணியை நேசிப்பவருக்கு எம்எல்பி.டிவிதான் வழி, அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு கண்ணி மட்டும் உண்டு. யாங்கீஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸுடன் ஆடும் நாட்களில் அந்த ஆட்டம் உங்களுக்கு இருட்டடிப்பு, ஏனென்றால் ரேஞ்சர்ஸ் உங்கள் ஊர் அணி. ஆட்டம் முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து முழுப் பதிவும் திறக்கும். அதுவரை முடிவு காதில் விழாமல் தவிர்க்க முடிந்தால் மறுநாள் காலை பார்க்கலாம்.

டி-மொபைல் கைபேசி இணைப்பு உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பல ஆண்டுகளாக அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் எம்எல்பி.டிவி சந்தாவை இலவசமாகத் தந்துவருகிறது. குறிப்பிட்ட சில நாட்களுக்குள் அவர்களுடைய செயலியில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் பார்க்கத் தவறினால் போனதுதான். இதிலும் உள்ளூர் இருட்டடிப்பு உண்டு.

இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் மென்பொருளைப் பற்றிப் பலர் சொல்வார்கள். சேவையின் விதிகளுக்கு அது மாறானது, திடீரென்று நிற்கவும் செய்யும். நேர்வழியே 99.99 டாலருக்குக் கிடைத்த ஊரில் அதற்கு என்ன தேவை என்பது என் எண்ணம்.

டொராண்டோக்காரர்களுக்கு

ஸ்கார்பரோவில் நம்மவர்கள் எத்தனை பேர் 2025 அக்டோபரில் புளூ ஜேஸ் தொப்பியுடன் நடந்தார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டாட்ஜர்ஸுடன் ஏழாவது ஆட்டம் வரை போய், 11-ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று கைநழுவிய அந்தத் தொடர் பல புதிய ரசிகர்களை உண்டாக்கியது. கனடாவில் கணக்கு சுருக்கமானது. அணி, மைதானம், ஸ்போர்ட்ஸ்நெட் சேனல் மூன்றும் ரோஜர்ஸ் நிறுவனத்துடையவை. கனடா முழுவதுமே புளூ ஜேஸின் எல்லை. வான்கூவரில் இருந்தாலும் ஹாலிஃபாக்ஸில் இருந்தாலும் எம்எல்பி.டிவியில் புளூ ஜேஸ் நேரலை வராது. ஸ்போர்ட்ஸ்நெட்டைக் கேபிளிலோ நேரடிச் சந்தாவாகவோ வாங்க வேண்டும். உரிமை ஒரே கையில் இருப்பதால் ஆண்டுதோறும் சேனல் தேடும் அலைச்சல் இல்லை. விலை ஏறினால் வேறு கடை இல்லை என்பது மறுபக்கம்.

வானொலியை மறக்க வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சேனல் மாறும், பெயர் மாறும், விலை மாறும். பேஸ்பால் 1921 ஆகஸ்ட் 5 அன்று பிட்ஸ்பர்கின் கேடிகேஏ நிலையத்தில் முதல்முறை வானொலியில் வந்தது, இன்றும் வருகிறது. அணியின் உள்ளூர் வானொலி ஒளிபரப்புக்கு இருட்டடிப்பு கிடையாது. காரில், சமையலறையில், பழைய டிரான்சிஸ்டரில், காசு இல்லாமல் கேட்கலாம். எம்எல்பி செயலியில் கேட்பதற்கான ஒலிச் சந்தா தனியாக உண்டு, படம் பார்க்கும் சந்தாவில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. அதில் உள்ளூர் அணியும் தடையின்றி வரும். ஆப்பிளிடம் போன வெள்ளிக்கிழமையும், அக்டோபர் ஆட்டமும் உங்கள் ஊர் வர்ணனையாளரின் குரலில் கிடைக்கும்.

கிளீவ்லாந்தில் அந்தக் குரல் டாம் ஹாமில்டன். 1990 முதல் டபிள்யூடிஏஎம் 1100 போன்ற அலைவரிசைகளில் இந்த அணியின் ஆட்டங்களைச் சொல்லிவருபவர், 2025-இல் வர்ணனையாளர்களுக்கான உயரிய ஃபோர்டு ஃபிரிக் விருதைப் பெற்றவர். திரையில் தடை அறிவிப்பு வந்த அன்றைக்குப் பிறகு, அப்பாவுக்கு நான் வானொலிப் பெட்டியை எடுத்து வைத்தேன். சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக் கிரிக்கெட்டைக் கண்ணால் கண்டவர் அவர். இரண்டு வாரத்தில் ஹாமில்டனின் குரல் ஏறும் விதத்தை வைத்தே பந்து எல்லைச் சுவரைத் தாண்டுமா, பிடிபடுமா என்று சொல்லத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பாதி அவருக்கு எட்டவில்லை. ஆனால் யார் அடித்தார், எத்தனை பேர் தளத்தில் நிற்கிறார்கள், இன்னும் எத்தனை அவுட் மிச்சம் என்பதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. விதிகளைக் கற்றுக்கொள்ள வானொலியைவிட நல்ல ஆசிரியர் இல்லை, ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

மார்ச் இரண்டாம் வாரம் ஜிப் கோட்டையும் அணியின் பக்கத்தையும் மறுபடி பாருங்கள், போன ஆண்டு எல்லாம் சரியாக வந்திருந்தாலும். செப்டம்பர் கடைசி ஞாயிறு முடிந்ததும், சந்தா அடுத்த ஆண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கும்படி இருக்கிறதா என்று கணக்கில் போய்ப் பார்த்து அணைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் பணம் பிடிக்கப்பட்ட பிறகு கேட்டுத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

வீரர்களுடனான ஊதிய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. புதிய ஒப்பந்தம் ஆகாவிட்டால் ஆட்டங்கள் தள்ளிப்போகலாம், ஆகவே 2027-க்கான எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். நாடு தழுவிய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2028 பருவத்தோடு முடிகின்றன. எல்லா அணிகளின் உள்ளூர் உரிமைகளையும் ஒன்றாகச் சேர்த்து விற்க வேண்டும் என்பது ஆணையர் ராப் மேன்ஃபிரெட்டின் விருப்பம். அது நடந்தால் அயோவாக்காரருக்கும் விடிவு வரலாம். யாங்கீஸும் டாட்ஜர்ஸும் தங்கள் சொந்தச் சேனல் வருமானத்தை எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்பதால், நான் 2029 மார்ச்சிலும் அந்தத் துண்டுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன்.

அப்பா இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். போகும்போது அவர் கைபேசியில் ஒலிச் சந்தாவைப் போட்டுக் கொடுத்தேன். இங்கே மாலை 6.40-க்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே அதிகாலை 4.10. அவர் எழுந்து வாசல் தெளிக்கும் ஓசைக்கு நடுவே ஹாமில்டனைக் கேட்கிறார். ஏழாவது இன்னிங்ஸ் வாக்கில் எனக்கு அழைப்பு வரும்.